கலிலியோ நாடகம்: எதிரே நிற்பவர் முட்டாள் அல்ல

அறிவியலுக்கும் மத அதிகாரத்துக்கும் மோதல் என்றால் மேடையில் என்ன வரும் என்று எல்லோருக்கும் ஓர் ஊகம் உண்டு. இந்தப் பக்கம் உண்மையைக் கண்ட அறிஞர், அந்தப் பக்கம் கண்களை உருட்டும் மதகுருக்கள், நடுவில் ஒரு தீர்ப்பு. அப்படியே எழுதினால் நாடகம் பத்தாவது நிமிடத்தில் முடிந்துவிடும். யார் சரி, யார் தவறு என்று தெரிந்துபோன பிறகு மீதி நேரம் பார்வையாளர் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்?

பெர்டோல்ட் பிரெக்ட் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ இந்தச் சிக்கலை இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. எதிர்த்தரப்புக்கு உண்மையிலேயே நல்ல வாதங்களைக் கொடுக்கிறது. இரு தரப்பு வாதங்களையும் வெறும் பேச்சாக விடாமல் நாற்காலி, ஆப்பிள், அங்கி, மணி என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களாக மாற்றுகிறது. நாடகத்தை முதன்முறை வாசிப்பவரும் சரி, மேடையேற்றலாமா என்று யோசிக்கும் குழுவும் சரி, இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

வரலாற்றில் நடந்தது

1609 ஆகஸ்டில், பதுவாவில் கணிதப் பேராசிரியராக இருந்த கலிலியோ தன் தொலைநோக்கியை வெனிஸ் ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். கருவியை முதலில் செய்தவர் அவரல்ல. முந்தைய ஆண்டே அது நெதர்லாந்தில் வந்துவிட்டது. அவர் அதை மேம்படுத்தினார், பிறகு வானத்தை நோக்கித் திருப்பினார். 1610 ஜனவரி 7 இரவில் வியாழனுக்கு அருகே மூன்று சிறு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் அவை நான்கு என்றும், வியாழனையே சுற்றுகின்றன என்றும் தெளிவாயிற்று. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன, கோள்கள் பளிங்குக் கோளங்களில் பதிந்திருக்கின்றன என்ற பழைய ஏற்பாட்டில் அந்த நான்கு நிலவுகளுக்கு இடமில்லை.

1616 பிப்ரவரி 26 அன்று கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து, சூரியன் மையத்தில் இருக்கிறது என்ற கருத்தைக் கைவிடும்படி எச்சரித்தார். மார்ச் 5 அன்று, அந்தக் கருத்தை முன்வைத்த கோப்பர்நிக்கஸின் நூல் ‘திருத்தப்படும் வரை’ நிறுத்திவைக்கப்பட்டது. 1623இல் கணிதத்திலும் கவிதையிலும் ஈடுபாடு கொண்ட பர்பெரினி, எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப் ஆனார். அந்தத் தைரியத்தில் கலிலியோ 1632இல் இரண்டு உலக அமைப்புகளைப் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டார். போப்புக்குப் பிடித்தமான வாதத்தை அதில் சிம்ப்ளிசியோ என்ற பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தார். அந்தப் பாத்திரம் நூல் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருப்பது. 1633 ஜூன் 22 அன்று ரோமில் முழந்தாளிட்டு, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக அவர் வாசித்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் வீட்டுக் காவல். கடைசிப் பெருநூல் 1638இல் நெதர்லாந்தின் லைடனில் அச்சானது. 1642 ஜனவரி 8 அன்று இறந்தார்.

நாடகம் இந்தச் சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே பலவற்றை மாற்றுகிறது. வீட்டுப் பணிப்பெண்ணின் மகன் ஆந்திரேயா கற்பனை. இளம் துறவியும் கற்பனை. பிளாரன்ஸ் இளவரசர் கோசிமோ நாடகத்தில் ஒன்பது வயதுச் சிறுவன். 1610இல் அவருக்கு உண்மையில் இருபதை ஒட்டிய வயது. கலிலியோவின் மூத்த மகள் வர்ஜீனியா உண்மையில் கன்னியர் மடத்தில் சேர்ந்து 1634இலேயே இறந்துவிட்டார். நாடகத்திலோ அவள் நிச்சயதார்த்தம் முறிந்து, கடைசிவரை தந்தையோடு இருந்து அவரைக் கண்காணிக்கிறாள். இவற்றைப் ‘பிழை’ என்று பட்டியல் போடுவது வீண் வேலை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு மோதலை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. மகளின் கல்யாணம் நின்றுபோவதுதான் ஒரு வானியல் கருத்துக்குக் குடும்பம் கொடுக்கும் விலை.

எந்த வடிவம் உங்கள் கையில்?

இதைச் சரிபார்க்காமல் ஒத்திகை தொடங்கும் குழுக்கள் பிறகு திண்டாடும். நாடகத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. நாஜி ஜெர்மனியைவிட்டு வெளியேறி டென்மார்க்கில் இருந்தபோது 1938இல் பிரெக்ட் முதல் வடிவத்தை எழுதினார். அது 1943இல் சூரிச்சில் மேடையேறியது. அமெரிக்காவில் நடிகர் சார்லஸ் லாட்டனோடு சேர்ந்து ஆங்கில வடிவத்தை உருவாக்கினார். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது, பிரெக்ட்டுக்கு ஆங்கிலம் சரளமில்லை. ஆகவே ஒவ்வொரு வசனத்தையும் நடித்துக் காட்டி, அதன் உடல்மொழிக்குப் பொருந்தும் சொல்லைத் தேடினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. மூன்றாவது, பிரெக்ட் பெர்லினில் திருத்திய வடிவம். 1956இல் ஒத்திகைக் காலத்திலேயே அவர் இறந்துவிட, 1957 ஜனவரியில் அவருடைய குழு எர்ன்ஸ்ட் புஷ்ஷைக் கலிலியோவாக வைத்து அதை அரங்கேற்றியது.

வடிவத்தைக் கண்டுபிடிக்கக் கடைசிப் பகுதியில், ஆந்திரேயா முதியவரான கலிலியோவைச் சந்திக்கும் காட்சியைப் பாருங்கள். 1938இன் கலிலியோ தந்திரசாலி: பணிந்ததுபோல் பணிந்து, மறைவாக எழுதி, உண்மையைக் காப்பாற்றியவர். ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய கலிலியோ தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். அறிவை ஆள்வோர் கையில் ஒப்படைத்துவிட்டேன், அவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டேன் என்பது அவருடைய வாக்குமூலம். ஒரே கதை, ஒரே மனிதர், தீர்ப்பு மட்டும் தலைகீழ். முதல் வடிவத்துக்கான நடிப்பை மூன்றாம் வடிவத்தின் வசனத்தோடு கலந்தால், சாமர்த்தியமான கிழவர் ஒருவர் திடீரென்று காரணமில்லாமல் புலம்புவதுபோல் இருக்கும்.

நாற்காலியும் ஆப்பிளும்

முதல் காட்சியில் கலிலியோ சட்டையில்லாமல் உடம்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பால்காரருக்குப் பணம் பாக்கி. பத்து, பதினொரு வயது ஆந்திரேயாவுக்குப் பூமி எப்படிச் சுற்றுகிறது என்று சொல்ல வேண்டும். இரும்புக் கைகழுவும் சட்டத்தை அறையின் நடுவில் வைக்கிறார். அதுதான் சூரியன். பையனை நாற்காலியில் உட்காரவைத்துச் சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். இடப்பக்கம். பையனை நாற்காலியோடு தூக்கி அரைவட்டம் சுமந்துபோய் மறுபக்கம் வைக்கிறார். இப்போது வலப்பக்கம். சூரியன் நகர்ந்ததா? இல்லை.

காகிதத்தில் எளிது. மேடையில் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான், காரணம் வடிவியல். பையன் பார்வையாளர்களைப் பார்த்து உட்கார வேண்டும். அவர்கள் கண்ணுக்கு நாற்காலி இடது ஓரம், சட்டம் நடுவில். சட்டத்துக்குப் பின்னால் அரைவட்டம் போய் மறுபக்கம் இறக்கும்போதும் பையனின் முகம் பார்வையாளர்களை நோக்கியே இருக்க வேண்டும். நடிகர் இயல்பாக நடந்தால் என்ன ஆகும்? வட்டப் பாதையில் நடக்கும் உடம்பு தானாகத் திரும்பும், நாற்காலியும் கூடவே 180 பாகை திரும்பும். பையன் பார்வையாளருக்கு முதுகு காட்டி உட்காருவான். சட்டம் மறுபடியும் அவனுக்கு இடப்பக்கமே இருக்கும். வசனமோ ‘வலப்பக்கம்’ என்கிறது. கூர்ந்து பார்ப்பவர் சிரித்துவிடுவார். ஆகவே நடிகர் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துப் போகப் பழக வேண்டும். அந்த வயதுப் பையன் முப்பது கிலோவுக்குக் குறையமாட்டான். கைப்பிடி இல்லாத, கனமற்ற, குறுக்குக் கட்டைகள் உறுதியான நாற்காலி தேவை. முதல் நாள் ஒத்திகையிலிருந்தே அதே நாற்காலியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து பையன் ஒரு நல்ல ஆட்சேபம் எழுப்புகிறான்: பூமி உருண்டு திரும்பினால் இரவில் நான் தலைகீழாகத் தொங்க வேண்டுமே? கலிலியோ ஓர் ஆப்பிளில் மரச்சிம்பைச் செருகுகிறார். சிம்புதான் ஆந்திரேயா. ஆப்பிளைத் திருப்பினால் சிம்பின் கால் எப்போதும் ஆப்பிளின் மேல்தான் இருக்கிறது. கீழே என்பது ஆப்பிளின் பக்கம். நாற்காலி ஆண்டுச் சுற்று, ஆப்பிள் நாள் சுற்று. இரண்டும் வேறு வேறு அசைவுகள் என்பது நடிகருக்கே தெளிவாக இல்லையென்றால் பார்வையாளருக்கும் தெளிவாகாது.

இந்தக் காட்சி பாடம் நடத்துவதற்காக மட்டும் இல்லை. கண்ணால் பார், பிறகு நம்பு என்ற பழக்கம் பையனுக்குள் போகிறது. அவனுடைய தாய் முகம் சுளிப்பதும் அதனால்தான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று நாளை இவன் சொல்லப்போகிறான் என்று அவள் பயப்படுகிறாள்.

எதிர்த்தரப்பின் பலம்

பிளாரன்ஸில் அரசவை அறிஞர்கள் தொலைநோக்கி வழியாகப் பார்க்க மறுக்கும் காட்சி நாடகத்தில் பிரபலமானது. சிரிப்பு வரும், வரவும் வேண்டும். ஆனால் அவர்களைக் கோமாளிகளாக்கினால் நாடகம் நொண்டும். அப்படி ஒரு நிலவு இருக்க முடியுமா, இருக்க வேண்டிய அவசியம் உண்டா என்று முதலில் விவாதிப்போம் என்கிறார்கள். இது சோம்பல் அல்ல, ஒரு கல்விமுறை. மேலும், கண்ணாடி வில்லைகளைச் செருகிய குழாய் ஒன்று வெறுங்கண்ணுக்குத் தெரியாததைக் காட்டினால், அது வில்லையில் உள்ள கோளாறாக இருக்கலாமே என்ற கேள்வி அந்தக் காலத்தில் நியாயமானது. அதே காட்சியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வில்லை தேய்க்கும் தொழிலாளி ஃபெதெர்சோனிக்கு லத்தீன் தெரியாது. அவனுக்கும் புரியும்படி மக்கள் மொழியில் பேசுங்கள் என்கிறார் கலிலியோ. தத்துவப் பேராசிரியர்களுக்குக் கசப்பது நிலவுகளைவிட அதிகமாக இதுதான். வில்லை தேய்ப்பவன் உரையாடலுக்குள் வந்துவிட்டால் பிறகு யாரை வெளியே நிறுத்துவது?

பெல்லார்மினின் நிலை இன்னும் வலுவானது. உண்மையான பெல்லார்மின் 1615 ஏப்ரலில் எழுதிய கடிதம் ஒன்றில், பூமி நகர்கிறது என்பதற்குச் சரியான நிரூபணம் இருந்தால் வேதவாக்கியங்களை நாம் புரிந்துகொண்ட விதத்தைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டும், அப்படி ஒரு நிரூபணத்தை இதுவரை யாரும் தனக்குக் காட்டவில்லை என்றார். அன்றைய நிலையில் அது பொய்யல்ல. பூமி நகர்ந்தால் அருகிலுள்ள விண்மீன்கள் ஆண்டு முழுவதும் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும், தெரியவில்லை. விண்மீன்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு தொலைவில் இருந்ததால் அந்த அசைவை 1838இல்தான் பெஸ்ஸல் அளந்தார். வெள்ளியின் பிறைகளைக் கலிலியோ கண்டது பூமியை மையமாக வைத்த பழைய தாலமி அமைப்பைக் கவிழ்த்தது உண்மை. ஆனால் கோள்கள் சூரியனையும் சூரியன் பூமியையும் சுற்றுகின்றன என்ற டைக்கோ பிராஹேயின் சமரச அமைப்பை அது தொடவில்லை. பூமி நகர்வதால்தான் கடல் ஏறி இறங்குகிறது என்று கலிலியோ மிகவும் நம்பிய வாதமோ தவறு.

இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. எட்டாம் காட்சியில் இளம் துறவி தான் வானியலை விட்டுவிடப்போவதாகச் சொல்கிறார். அவருடைய பெற்றோர் ஏழை விவசாயிகள். தங்கள் பாடுகளைக் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், உலக நாடகத்தில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் உழைக்கிறார்கள். வெற்று வெளியில் சுற்றும் கல் உருண்டை ஒன்றில் நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது? நாடகத்திலேயே கனிவான எதிர்வாதம் இது, அதைச் சொல்பவர் ஒரு நல்ல மனிதர். வறுமையைப் புனிதமாக்குவது யாருக்கு லாபம் என்று கலிலியோ திருப்பிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் பிரதி ஒன்றை அவர் முன் போடுகிறார். துறவியால் அடக்க முடியவில்லை, எடுத்து வாசிக்கிறார். அந்தப் பிரதி எதைப் பற்றியது? கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி. கலிலியோ தவறிழைத்த அதே இடம்.

இந்த நாடகத்தைக் கடவுள் மறுப்பு நாடகமாக எடுத்துக்கொள்வது பொதுவான பிழை. இங்கே திருச்சபை முதலில் அதிகாரம், பிறகுதான் மதம். மேடையில் வரும் மதத் தலைவர்கள் நம் காலத்து வங்கி முதலாளிகளையும் அரசியல்வாதிகளையும் நினைவூட்ட வேண்டும் என்பது பிரெக்ட்டின் குறிப்பு. கர்தினாலாக நடிப்பவர் கத்தத் தேவையில்லை. கத்த வேண்டிய நிலையில் அவர் இல்லை.

அங்கி

பன்னிரண்டாம் காட்சி சில பக்கங்கள்தான், நாடகத்தின் இதயம் என்று அதைத்தான் சொல்வேன். போப் உள்ளாடையோடு நிற்கிறார், உதவியாளர்கள் உடுத்திவிடுகிறார்கள். விசாரணை மன்றத் தலைவரான கர்தினால், கலிலியோவைப் பணியவைக்க அனுமதி கேட்கிறார். முதலில் போப்பின் பதில் திட்டவட்டமான மறுப்பு; கணக்கைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது என்கிறார் அந்தக் கணிதம் படித்தவர். கர்தினால் பேசப் பேச அங்கி ஏறுகிறது. சந்தேகம் வானத்தோடு நிற்காது, நாளை எஜமானர்களிடமும் வரும் என்கிறார். வெளியே கூடியிருப்பவர்களின் காலடி ஓசை போப்பின் காதில் உறுத்துகிறது. கடைசியில் முழு உடையில் நிற்பவர் பர்பெரினி அல்ல, போப். சித்திரவதைக் கருவிகளைக் காட்டலாம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறார். அது போதும், அவருக்குக் கருவிகளைப் பற்றித் தெரியும் என்கிறார் கர்தினால்.

மேடையில் இதைச் செய்யும்போது உடையை ஐந்து ஆறு பாகங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நீண்ட வெள்ளை அங்கி, இடைக்கயிறு, தோள்பட்டை, கனத்த மேலங்கி, கடைசியில் மகுடம். ஒவ்வொன்றும் எந்த வசனத்தில் ஏற வேண்டும் என்று பிரதியிலேயே குறித்துவிடுங்கள். முடிச்சுகள் வேண்டாம், மறைவான கொக்கிகள் போதும். முடிச்சு ஒன்று சிக்கினால் இரு நடிகர்களும் வசனத்தைவிட்டு விரல்களைப் பார்ப்பார்கள். மகுடம் கடைசி வசனத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும். சீக்கிரம் வந்தால் போப் முடிவெடுத்துவிட்டார் என்று தெரிந்துவிடும், பிறகு கர்தினால் பேசுவதெல்லாம் வீண். உடுத்துபவர்கள் இருவர் போதும். அவர்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது. தினமும் செய்யும் வேலை அது. நடிகர் அசல் உடையில் ஒத்திகை பார்க்காவிட்டால் கனமான துணி தோளில் விழும்போது குரல் மாறுவதும் நிமிர்வு மாறுவதும் அவருக்கே தெரியாமல் போய்விடும். அந்த மாற்றம்தான் காட்சி.

மணி

அடுத்த காட்சியின் தொடக்கத்தில் கலிலியோ மேடையில் இல்லை. சீடர்கள் ஒரு தோட்டத்தில் காத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குள் அவர் பணிந்தால் தேவாலய மணி அடிக்கும். ஐந்து ஆகிறது. மணி இல்லை. சீடர்கள் கட்டிப்பிடித்து ஆர்ப்பரிக்கிறார்கள், மனிதன் அச்சத்தை வென்றுவிட்டான் என்கிறார்கள். அப்போது மணி அடிக்கிறது.

இங்கே இயக்குநர்கள் செய்யும் தவறு மௌனத்தைக் குறைப்பது. பார்வையாளர் பொறுமையிழப்பாரோ என்ற பயம். அந்த மௌனம் நெளியவைக்கும் அளவுக்கு நீள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் ஆரவாரத்துக்கும் மணிக்கும் எடையே இருக்காது. மணியோசை அரங்கின் ஒலிபெருக்கியிலிருந்து தலைக்குமேல் வந்தால் பொய்யாக ஒலிக்கும். மேடைக்குப் பின்னால் தனி ஒலிபெருக்கியை வையுங்கள், முடிந்தால் உண்மையான மணியையே. ‘ஆனாலும் அது நகர்கிறது’ என்று கலிலியோ முணுமுணுத்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை, பிரெக்ட்டும் இந்த இடத்தில் அதைத் தொடவில்லை. யாராவது ரசிகர்களுக்காகச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணிந்தவர் பணிந்தவராகவே உள்ளே வர வேண்டும்.

வீரர்கள் இல்லாத நாடு பாவம் என்று ஆந்திரேயா கொதிப்பான். வீரர்கள் தேவைப்படும் நாடுதான் பாவம் என்பது கலிலியோவின் பதில். இந்த வரியைத் தத்துவ முழக்கமாக உச்சரிக்காதீர்கள். களைத்துப்போன கிழவர் ஒருவர் தாமதமாகச் சொல்லும் வரி அது.

ஏன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்?

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தலைப்பும் சிறு பாட்டும் வந்து, நடக்கப்போவதைச் சொல்லிவிடும். கட்டியங்காரன் வந்து கதையை அவிழ்த்துவிடும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரெக்ட்டின் காரணம் வேறு. ‘என்ன நடக்கும்’ என்ற பதற்றம் போனால் ‘ஏன் இப்படி நடக்கிறது, வேறு மாதிரி நடந்திருக்கலாமா’ என்ற கேள்விக்கு இடம் வரும். இதை அந்நியமாக்கல் என்பார்கள்: பழகிப்போனதை விசித்திரமாகத் தெரியவைப்பது. உணர்ச்சியே கூடாது என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டு மரக்கட்டைபோல் நடிப்பார்கள். உணர்ச்சி இருக்கலாம், பார்வையாளரின் தலை அதில் மூழ்கக்கூடாது, அவ்வளவுதான். 1947 ஜூலையில் ஆங்கில வடிவம் கலிஃபோர்னியாவில் அரங்கேறியபோது வெயில் கொடுமை. அரங்கச் சுவரையொட்டி ஐஸ் லாரிகளை நிறுத்தி மின்விசிறிகளை ஓடவிடச் சொன்னாராம் லாட்டன், பார்வையாளர்களால் யோசிக்க முடிய வேண்டும் என்பதற்காக. அந்நியமாக்கலுக்கு இதைவிட நல்ல விளக்கத்தைக் கண்டதில்லை.

பெரிய மனிதரைப் பெரியவராகவே காட்டும் ஆசையையும் இங்கே அடக்க வேண்டும். இந்தக் கலிலியோ சாப்பாட்டு ராமன். தொலைநோக்கியைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி விற்றுச் சம்பள உயர்வு வாங்கியவர். கடைசியில் தன்னைத்தானே கண்டித்து முடித்த கையோடு வாத்துக்கறி தின்ன உட்கார்கிறார். நிலவைப் பார்க்கும் ஆசையும் வாத்தைத் தின்னும் ஆசையும் அவருக்குள் ஒரே பசியிலிருந்து வருகின்றன. வலிக்கும் என்ற பயமும் அந்த உடம்பிலிருந்துதான். பசியே இல்லாததுபோல் தட்டைத் தள்ளிவைக்கும் நடிகர் கலிலியோவைத் தியாகியாக்கிவிடுகிறார்.

எல்லைச் சாவடி

கலிலியோ பூகோள உருண்டைக்குள் ஒளித்துவைத்த தன் கடைசி நூலின் நகலை எடுத்துக்கொண்டு ஆந்திரேயா இத்தாலியைவிட்டு வெளியேறும் கடைசிக் காட்சியைப் பல குழுக்கள் நேரத்துக்காக வெட்டிவிடும். மணிக்கணக்காக ஓடும் நாடகத்தில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் இதை வெட்டும் முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள். எல்லையில் சில பையன்கள் ஒரு கிழவியைச் சூனியக்காரி என்கிறார்கள். ஆந்திரேயா ஒரு பையனைத் தூக்கி, ஜன்னல் வழியாகக் காட்டுகிறான். உள்ளே கிழவி கஞ்சி காய்ச்சுகிறாள், வேறொன்றும் இல்லை. முதல் காட்சியில் நாற்காலியோடு தூக்கப்பட்டவன் இப்போது இன்னொருவனைத் தூக்குகிறான். இயக்குநர் விரும்பினால் அதே பிடி, அதே உயரம். பையன் பார்த்துவிட்டு இறங்குகிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவள் சூனியக்காரிதான் என்கிறான்.